கேம்ப்ல இருக்கேன்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் டென்ட் ஸ்கூட்டர் கவராக மாறியது.

அந்தமானிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. வந்த அன்று பரணில் ஏற்றிய டென்ட் பையை நான் தொடவே இல்லை. பூஞ்சை வாடை சமையலறை வரைக்கும் வர ஆரம்பித்ததால், வேறு வழியில்லாமல் மொட்டை மாடிக் கொடியில் விரித்துப் போட்டேன். ஆரஞ்சு நிறத் துணி. சங்கரன்கோவில் வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரிக் காய்ந்துவிட்டது. மடிக்கலாம் என்று போனால், என் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வருகிறார்.

"ஏட்டி, என்னதிது?"

உண்மையைச் சொல்ல நல்ல நேரம். சொல்லியிருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

"கவருங்க. வண்டிய மூடுத கவர்."

அவர் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல கட்டித் துணியால்லா இருக்கு. நம்ம வண்டி சீட்டு வெயில்ல வெடிச்சுக் கெடக்கு" என்றபடி, சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். அதற்குள் மூடியாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்கூட்டர்.

"இதுல எதுக்கு ஜிப்பு வச்சிருக்கான்?"

"காத்து போவ."

"வெவரமாத்தான் செஞ்சிருக்கான்" என்றவர், அடுத்து ஒன்று சொன்னார். "அடுத்த தடவ நீ கேம்ப்புக்குப் போவும்போது நானும் வாரேன். ஏற்பாடெல்லாம் நல்லா செய்தான் போலயே."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. என் நெஞ்சைப் பற்றிக் கவலை இல்லை. அவர் நெஞ்சுக்குள்தான் ஸ்டென்ட் இருக்கிறது.

வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் இருபத்தெட்டு வருஷம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் ரிட்டயர் ஆனவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். "டென்ஷன் ஆகாம பாத்துக்கிடுங்கம்மா" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கெட்ட செய்திகள் எல்லாம் வடிகட்டித்தான் உள்ளே வரும். வடிகட்டி நான்தான்.

இப்போது அந்த ஒரு வார்த்தைக்கு வருகிறேன். கேம்ப்.

எங்கள் ஆபீஸ் பாஷையில் "ஐயா கேம்ப்" என்றால் ஐயா ஊரில் இல்லை, வெளியே போயிருக்கிறார் என்று பொருள். அப்புறம் பட்டா கேம்ப் உண்டு, கண் கேம்ப் உண்டு. மழைக்காலத்தில் எங்கேயாவது குளம் உடைந்தால் பள்ளிக்கூடத்தைத் திறந்து சனங்களைத் தங்கவைப்போமே, அதுவும் கேம்ப்தான். வாசுதேவநல்லூர்ப் பக்கம், சிவகிரிப் பக்கம் என்று அப்படி எத்தனையோ கேம்ப்களில் நான் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு போன். "கேம்ப்ல இருக்கேன். ராத்திரி வரமாட்டேன். ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கிடுங்க." அவ்வளவுதான். அவரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். கேம்ப் என்றால் மேலே கான்கிரீட் கூரை, அண்டாவில் சாப்பாடு, வாசலில் போலீஸ். அவர் மனசில் பதிந்த கேம்ப் அது.

கடற்கரையில் துணியைக் கட்டி அதற்குள் படுத்துக்கொள்வதற்கும் அதே பெயரை வைத்தது யார்? எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் புண்ணியவானை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

ரிட்டயர் ஆனதும் எனக்கு ஒரு ஆசை. ஆள் இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக என் மேஜைக்கு முன்னால் ஒரு வரிசை நின்றுகொண்டே இருந்தது. வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல். கனவிலும் வரிசை நிற்கும். வரிசை நிற்க முடியாத இடம் எது? யோசித்தேன். தீவு!

"அந்தமானா? யாருகூட?"

"தனியாத்தான்."

"எங்கன தங்குவ?"

"கேம்ப்ல."

"ஓ... கேம்ப்பா? அப்பஞ் சரி." பேப்பரைப் புரட்டப் போய்விட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் எப்படி நுழைந்து போவது என்று, அரசாங்க ஆபீஸில் இருந்தவளுக்குத் தெரியாதா என்ன?

செலவைப் பிடித்துப் பிடித்துத்தான் போனேன். ஊரிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஸ்லீப்பர். சென்னையிலிருந்து கப்பல், அதிலும் இருப்பதிலேயே கீழ் வகுப்பு — அடுக்கடுக்காகக் கட்டில் போட்ட ஒரு பெரிய ஹால். பையில் அவல், சத்துமாவு, இட்லிப் பொடி, புளியங்குடி எலுமிச்சம்பழம் இருபது. கப்பல் ஆட ஆரம்பித்த இரண்டாம் நாள், ஹாலில் பாதிப்பேர் வாந்தி. ஆளுக்கு ஒரு பழம் கையில் கொடுத்து, மோந்து பார்க்கச் சொன்னேன். கடைசியில் என்ன ஆனது? என் கட்டிலுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்துக்கு ஒரு வரிசை!

போர்ட் பிளேயரில் இறங்கி — பெயரை மாற்றிவிட்டார்கள், என் நாக்கு இன்னும் மாறவில்லை — அங்கிருந்து இன்னொரு சின்னக் கப்பலில் ஒரு பகல் முழுக்கப் பயணம். அந்தத் தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள். அப்புறம் அங்கேயும் வரிசைதான்.

டென்ட் போட முறையாக அனுமதி எழுதி வாங்கினேன். பேப்பர் இல்லாமல் எந்த இடத்திலும் உட்கார்ந்து எனக்குப் பழக்கம் இல்லை. கடற்கரையை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் தண்ணீர் பற்றி விசாரித்தேன். அவர் கையைக் காட்டினார். எனக்குச் சரியாகப் புரியவில்லை. "அங்கனயா?" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா... எந்த ஊரு?"

சிவகிரிக்காரர்! ரோடு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டாராம். பெயர் முருகையா. நம் பக்கத்தில் கடை வைத்தவர் எல்லோரும் நமக்கு அண்ணாச்சிதானே? என்னைவிடச் சின்னவராக இருந்தாலும் அன்றைக்கே அவர் முருகையா அண்ணாச்சி ஆகிவிட்டார்.

டென்ட் போட்டு முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கம்பியை மாட்டினால் துணி கழன்றது, துணியை மாட்டினால் கம்பி எகிறியது. ஒருவழியாக நின்றதும் அண்ணாச்சி டீயோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

"வாசல கெழக்க பாத்து வச்சியளாக்கும்?"

"பெறவு? வாசல் கெழக்கதான இருக்கணும்?"

"அது வீட்டுக்குக்கா. இங்கன கெழக்க கடல்லா கெடக்கு."

இருக்கட்டுமே என்றேன். கடலைப் பார்த்த வாசல் யாருக்குக் கிடைக்கும்?

இரண்டு நாள் இருந்தேன் பாருங்கள்... என்ன செய்தீர்கள் என்று ஊருக்கு வந்தபின் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒன்றுமே செய்யவில்லை. அதற்குத்தானே போனேன்? காலையில் நண்டுகள் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பின. ஒன்றுகூட மனு கொண்டுவரவில்லை. அவலை ஊறவைத்து, இட்லிப் பொடி தூவிச் சாப்பிட்டேன். கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சி முழங்காலுக்குக் கீழே கடித்துத் தள்ளியது. சொறிந்துகொண்டே கடலைப் பார்த்தேன். ஒருநாள் முழுக்க டீ வாங்கியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. சந்தோஷமாக இருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

மூன்றாம் நாள் காலை, கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு நடந்து போனேன். அந்தத் தீவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதன் நுனி. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும். "கேம்ப்ல இருக்கேன். நல்லா இருக்கேன். மாத்திரை போடுங்க" என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ். போய்விட்டது. திரும்பி வந்தேன்.

மத்தியானம் கடலின் நிறம் மாறியது. முதலில் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது... அப்புறம் காற்று வந்தது. எங்கிருந்து? கிழக்கிலிருந்து! நான் பார்த்துப் பார்த்து வைத்த வாசல் வழியாக நேரே உள்ளே புகுந்து, டென்ட்டைப் பலூன் மாதிரி ஊதிவிட்டது. ஒரு கம்பி ஒடிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. உள்ளே உட்கார்ந்து இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டேன். அறுபது வயதில் ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

"யக்கா! துணிய விட்டுட்டு வெளிய வாங்க! புயல் மாரி இருக்கு!" முருகையா அண்ணாச்சிதான். மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து டென்ட்டைச் சுருட்டி, மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது பேர். மூலையில் அண்டா. தரையில் பாய்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர். ஜன்னலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, பதிவேட்டோடு ஒரு வாத்தியார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு இந்த இடம் தெரியும். நெடுநாளாகத் தெரியும்... மேஜைக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்.

வரிசையில் நின்றேன். வாத்தியார் நிமிர்ந்து பார்க்காமல் ஹிந்தியில் பெயர் கேட்டார், வயசு கேட்டார். நான் சொன்ன முதல் வார்த்தை என் பெயர் இல்லை.

"போன்... ஒரு போன் பண்ணணும்."

டவர் போய்விட்டது என்றார். எப்போது வரும்? கையை விரித்தார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. காற்றுக்கு வரவில்லை, மழைக்கு வரவில்லை, அப்போது வந்தது. எங்கள் வீட்டுக்காரர் நாள் முழுக்க டிவியில் வானிலை பார்க்கிற ஆள். வங்கக் கடலில் சுழி வரைந்து காட்டுவார்கள். அந்தமான் என்பார்கள். அவர் என் நம்பருக்கு அடிப்பார். போகாது. மறுபடியும் அடிப்பார். போகாது. வீட்டில் அவர் தனியாக. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. நான் மணலில் உட்கார்ந்து நண்டு பார்ப்பதற்காக, அந்த மனிதர்...

மூன்று நாள். மழை இரண்டாம் நாளே குறைந்துவிட்டது, ஆனால் கப்பல் வரவில்லை, டவர் வரவில்லை. வேளாவேளைக்குப் பருப்பும் அரிசியும் போட்ட கிச்சடி கொடுத்தார்கள். மணிக்கு ஒருதரம் வாத்தியாரிடம் போய் நின்றேன். "போன்?" அவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். பாவம், என்னைவிட நல்ல மனிதர்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு அம்மாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் குளம் உடைந்த ஒரு மழையில், நான் பதிவேடு எழுதிய கேம்ப்புக்கு வந்த அம்மா. ஆட்டை அவிழ்த்துவிடப் போன புருஷன் இன்னும் வரவில்லை என்று, "ஒரு போன் போட்டுத் தாங்கம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. "மொதல்ல பேரச் சொல்லும்மா. ரேஷன் கார்டு இருக்கா? வரிசைய மறைக்காத" என்றேன் நான். புருஷன் பிறகு வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் போன் போட்டுக் கொடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கொடுத்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான்காம் நாள் காலை யாரோ "டவர்! டவர்!" என்று கத்தினார்கள். பள்ளிக்கூடமே ஜெட்டிக்கு ஓடியது. நானும் ஓடினேன், கசங்கிய புடவையோடு. போனைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு கோடு. ஸ்பீக்கரைப் போட்டு அடித்தேன். மணி போகிறது... போகிறது... எடுக்கவில்லை. எடுக்கவில்லை! கடைசி மணியில் எடுத்தார்.

"அலோ... ஏட்டி, இட்லி அடுப்புல கெடக்கு. சீக்கிரம் சொல்லு."

"ஏங்க... நல்லாருக்கியளா?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ எப்படி இருக்க? கேம்ப்ல சாப்பாடு ஒழுங்கா போடுதானா?"

"டிவி பாக்கலியா நீங்க?"

"பாத்தனே. காத்து சுத்தி அடிக்குன்னு அன்னைக்கு சாயங்காலம் சொன்னான். நீதான் காலைலயே மெசேஜ் போட்டுட்டியே, கேம்ப்ல இருக்கேன்னு! காத்து வரதுக்கு முந்தியே போயி எடம் புடிச்சிட்டா, அவளுக்குத் தெரியாத கேம்ப்பான்னு எதுத்த வீட்டு அக்காட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். போன் கெடைக்கலன்னா என்ன? கேம்ப்ல இருக்கையில நீ என்னைக்குப் போன எடுத்திருக்க?"

நான் ஜெட்டிப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டியது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. முருகையா அண்ணாச்சி பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தார். "என்னக்கா அழுவுதிய? ஊர்ல ஏதும் துஷ்டியா?" சாவுச் செய்தியா என்று கேட்கிறார்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "இட்லி."

அவர் விழித்தார். அவருக்கு நான் என்னத்தை விளக்குவது?

திரும்பி வரும்போது கப்பல் கட்டிலில் படுத்து யோசித்துப் பார்த்தேன். நான் காலையில் அனுப்பிய மெசேஜ், அவர் புரிந்துகொண்ட அர்த்தத்தில் பொய். அன்று சாயங்காலமே அது உண்மையாகிவிட்டது! 'கடற்கரையில் தனியாகத் துணிக்குள் படுத்திருக்கிறேன்' என்று நான் விளக்கமாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே பிடிக்கவில்லை. கணவன் மனைவிக்குள் எல்லாவற்றையும் தெளிவாகப் பேசிவிட வேண்டும் என்று அறிவுரை சொல்கிறார்கள். நானே இந்தப் பக்கத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் யோசனையாக இருக்கிறது... ஒரு வீட்டில் எத்தனை நிம்மதி, யாரோ எதையோ தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்ததாக இருக்கும்?

ஆனால் இனிமேல் அந்த வித்தை செல்லாது. மனிதர் அடுத்த தடவை தானும் வருகிறேன் என்கிறாரே! கான்கிரீட் கூரையும் அண்டாவும் இருக்கும் என்று நம்பி வந்து, மணலில் நண்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால்? முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம். நேரில் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் சாம்பாருக்கு உப்பு சரியா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை வருகிற நாளில், காலையில் முதல் வேலையாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் வாங்கி வருவது அவர்தான். இன்றைக்கும் அந்த ஆரஞ்சுத் துணியை உருவி, நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து முதலில் பிரிப்பது இந்தப் பக்கம். எதிரில், காப்பியோடும் ஒரு டம்ளர் தண்ணீரோடும், நான் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தண்ணீரைக் கொடுக்க இந்தத் தடவை வீட்டில் ஆள் இருக்கிறது.

ஏங்க... மாத்திரை போட்டுட்டியள்லா?